அரட்டைக்கு ஆள் வேண்டுமே!

கோயம்புத்தூரிலிருந்து பொள்ளாச்சி போகிற சாலையில், பொன்மலை வேலாயுதசாமி கோயில் குன்று கண்ணுக்குத் தெரிந்துவிட்டால் கிணத்துக்கடவு வந்துவிட்டது என்று அர்த்தம். பக்தர்களுக்கு அந்தக் குன்று பெரிது. தோட்டத்துக்காரர்களுக்கும் வியாபாரிகளுக்கும் ஊரிலுள்ள காய்கறி மார்க்கெட் பெரிது. சுற்றுவட்டாரத்துத் தக்காளி பெட்டி பெட்டியாக அங்கேதான் வந்து இறங்குகிறது. கேரளத்து வியாபாரிகள் வந்து விலை பேசி ஏற்றிக்கொண்டு போகிறார்கள்.

தக்காளிக்கு ஒரு பொல்லாத குணம் உண்டு. அது யாருக்காகவும் காத்திருக்காது. நேற்றுப் பறித்த பழம் நாளைக்குள் விற்றாக வேண்டும். மார்க்கெட்டில் இன்றைக்கு வரத்து எவ்வளவு, பெட்டி என்ன விலை போகிறது என்கிற செய்தி, பறிப்பதற்கு முன்பே தோட்டத்துக்கு வந்து சேர்ந்தால் லாபம். பறித்து வண்டியில் ஏற்றிய பிறகு வந்தால் தலையில் துண்டுதான். அந்தச் செய்தி இப்போது செல்போனில் வருகிறது. பெட்டியைப் படம் பிடித்து ஒருவர் அனுப்புகிறார். "இன்னைக்கு வரத்து அதிகமுங்க, பார்த்துப் பறிங்க" என்று இன்னொருவர் குரலிலேயே பேசி அனுப்புகிறார். எல்லாம் வாட்ஸ்அப் வழியாக.

இப்படிப்பட்ட ஒரு தோட்டத்துக்காரரின் வீட்டுத் திண்ணைக்கு, கோவையில் கல்லூரியில் படிக்கிற அக்காள் மகன் லீவுக்கு வந்திருக்கிறான் என்று வைத்துக்கொள்வோம்.

"மாமா, உங்க போன்ல அரட்டை போட்டுத் தரட்டுங்களா?"

"ஏன் மாப்பிள்ளை, நீயும் உங்கக்காளும் அடிக்கிற அரட்டை பத்தாதா?"

"அதில்லீங்க மாமா. இது நம்ம தமிழ்நாட்டுக் கம்பெனி பண்ணினது. வாட்ஸ்அப்பாட்டவேதானுங்க."

"சரி, அதுல நம்ம பாலக்காட்டு யாவாரி இருக்காரா?"

"அவரு இன்னும் வரலீங்க."

"அப்பறம் நான் யாருகூடப் பழமை பேசறது?"

2025 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் இந்தப் பேச்சு எத்தனையோ திண்ணைகளில் நடந்திருக்கக் கூடியதுதான். மாமா போகிறபோக்கில் கேட்ட கேள்வி இருக்கிறதே, அதற்குப் பதில் தெரியாமல்தான் பெரிய பெரிய கம்பெனிகளே கையைப் பிசைகின்றன.

மூன்று நாளில் நூறு மடங்கு

'அரட்டை' என்பது ஜோஹோ கம்பெனி செய்த செயலி. 1996-இல் வேறொரு பெயரில் ஸ்ரீதர் வேம்புவும் கூட்டாளிகளும் தொடங்கிய கம்பெனி அது. தலைமையகம் சென்னையில். தென்காசிப் பக்கத்துக் கிராமத்தில் அலுவலகம் வைத்து உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு வேலை கொடுத்ததால் அதன் பெயர் பட்டிதொட்டிக்கெல்லாம் தெரியும்.

அரட்டை, 2021 ஜனவரியிலேயே சோதனை முறையில் வெளிவந்துவிட்டது. அந்தச் சமயத்தில் வாட்ஸ்அப் தன் ரகசியக் காப்பு விதிகளை மாற்றப்போவதாக அறிவித்து, ஜனங்கள் கொதித்துப் போயிருந்தார்கள். ஆனாலும் அரட்டையை அப்போது அதிகம் பேர் சீந்தவில்லை. நாலே முக்கால் வருஷம் அது ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தது.

பிறகு 2025 செப்டம்பரில் சுதேசிப் பொருள் பற்றிய பேச்சு பலமாக எழுந்தது. மத்திய மந்திரிகளே 'அரட்டைக்கு மாறுங்கள்' என்று சொன்னார்கள். அவ்வளவுதான், அணை உடைந்தது போல ஆயிற்று. நாளொன்றுக்கு 3,000 பேர் சேர்ந்துகொண்டிருந்த இடத்தில் மூன்றே நாளில் 3,50,000 பேர் சேர ஆரம்பித்தார்கள் என்று ஸ்ரீதர் வேம்புவே அறிவித்தார். நூறு மடங்கு! ஆப்பிள் போன்களின் செயலிக் கடையில், இந்தியாவில் அந்த இனத்திலே முதலிடம்.

கூட்டம் வந்தால் தள்ளுமுள்ளு இல்லாமல் இருக்குமா? சேருவதற்கு வர வேண்டிய ரகசிய எண் வரவில்லை, வந்தாலும் காலம் தாழ்த்தி வந்தது, கூப்பிட்டால் கிடைக்கவில்லை என்று புகார்கள் குவிந்தன. நவம்பரில் செய்ய நினைத்திருந்த ஏற்பாடுகளையெல்லாம் அவசரம் அவசரமாகச் செய்ய வேண்டியிருந்தது என்று கம்பெனி சொன்னது. கல்யாணத்துக்கு நூறு பேருக்கு உலை வைத்த வீட்டில் பத்தாயிரம் பேர் பந்திக்கு உட்கார்ந்த கதைதான். சமையல்காரரைக் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்லை.

பெயரில் ஒரு தகராறு

உபயோகித்தவர்களின் அபிப்பிராயங்களில் முதல் சண்டையே பெயரைப் பற்றித்தான். 'இது என்ன பெயர், வாயில் நுழையவில்லையே' என்று வடக்கே பலர் அலுத்துக்கொண்டார்கள். 'ஆங்கிலப் பெயர் எல்லாம் நுழைகிறது, தமிழ்ப் பெயர் மட்டும் நுழையாதோ?' என்று இங்கே உள்ளவர்கள் திருப்பிக் கேட்டார்கள். நியாயமான கேள்வி.

ஆனால் தமிழனுக்கு இன்னொரு சங்கடம் உண்டு. 'அரட்டை' என்றால் வேலை வெட்டி இல்லாத பேச்சு என்று வீட்டில் பெரியவர்கள் திட்டித் திட்டிப் பழக்கிவிட்டார்கள். கடன் பாக்கி கேட்பதையும், சாவுச் செய்தி சொல்வதையும், பெண் பார்க்க வருகிற நாளையும் 'அரட்டை'யில் அனுப்புவதா என்று ஒரு தயக்கம். கொங்கு நாட்டில் இதற்கு 'பழமை பேசுவது' என்று அழகான சொல் இருக்கிறது. நல்லது கெட்டது இரண்டும் அதிலே அடங்கும். அந்தப் பெயரை வைத்திருந்தால் கோவை ஜில்லாவாவது கட்சி மாறியிருக்கும்!

ஒரே கடையில் எல்லாம்

பெயர் கிடக்கட்டும், சரக்கு எப்படி? உபயோகித்தவர்களில் பலர் மெச்சித்தான் பேசுகிறார்கள். எழுதி அனுப்பலாம், பேசலாம், முகம் பார்த்துப் பேசலாம், குழு சேர்க்கலாம், படக்கதை போடலாம், ஊருக்கெல்லாம் சேதி சொல்லும் சேனல் நடத்தலாம். கூட்டம் போடுவதற்கென்று தனி வசதியும் அதிலேயே இருக்கிறது. தமக்கு வேண்டிய படம், குறிப்பு முதலியவற்றைப் போட்டு வைக்க 'பாக்கெட்' என்று ஒரு பை. உரக்கடை ரசீதைத் தேடி வீடெல்லாம் தலைகீழாகப் புரட்டுகிறவர்களுக்கு அந்தப் பையின் அருமை தெரியும். விலை குறைந்த பழைய போனிலும், சிக்னல் மங்கலான இடத்திலும் ஓட வேண்டும் என்று எண்ணிச் செய்தது. டெலிவிஷனிலும் பார்க்கலாம். கண் மங்கிய அப்புச்சிக்கும் அம்மாயிக்கும் பேரன் அனுப்பிய படம் பெரிதாகத் தெரியுமென்றால் கசக்கவா செய்யும்?

எல்லாம் ஒன்றாக இருப்பதே தொல்லை என்கிற கட்சியும் உண்டு. உப்பு வாங்க வந்தவன் கண்ணில் உப்பு முதலில் பட வேண்டும், பத்துச் சாமானைத் தாண்டிப் போய்த் தேட முடியாது என்பது அவர்கள் வாதம். அந்த வாதம் வயதானவர்கள் விஷயத்தில் முற்றிலும் சரி.

தபால் பையும் சாவியும்

விஷயம் தெரிந்தவர்கள் சொன்ன குறை வேறு. அது அற்பமானது அல்ல.

தபாலில் போகிற கடிதங்களைப் பையில் போட்டுப் பூட்டித்தான் அனுப்புகிறார்கள். வழியில் திருடன் பிரிக்க முடியாது. ஆனால் பையின் சாவி தபாலாபீசில் இருக்கிறது. இதற்குப் பதிலாக, எழுதியவரிடமும் வாங்குகிறவரிடமும் மட்டுமே சாவி இருக்கிற பெட்டியில் வைத்து அனுப்பினால் தபாலாபீசே நினைத்தாலும் பிரிக்க முடியாது. இரண்டாவது முறையில்தான் வாட்ஸ்அப் 2016 முதல் செய்திகளை அனுப்பி வருகிறது. அரட்டையில் கூட்டம் முண்டியடித்த நாளில், பேசுகிற பேச்சுக்கு அந்தப் பெட்டி இருந்தது. எழுதுகிற எழுத்துக்கு இல்லை. 'தகவல்கள் இந்தியாவிலேயே இருக்கின்றன, விளம்பரத்துக்காக யாருக்கும் கொடுக்க மாட்டோம்' என்று கம்பெனி உறுதி கூறியது. நல்ல உறுதிதான். ஆனாலும் வாக்குறுதி வேறு, பூட்டு வேறு. பெண்ணைப் பெற்றவர் அனுப்புகிற ஜாதகமும், டாக்டர் எழுதின சீட்டும், வியாபாரிக்குச் சொன்ன கடைசி விலையும் அதிலே போகின்றன அல்லவா? 2025 நவம்பரில் இருவருக்கிடையே நடக்கும் எழுத்துக்கும் அந்தப் பூட்டைக் கொடுக்கத் தொடங்கினார்கள். அதற்குள் வந்த கூட்டத்தில் பெரும்பகுதி கலைந்துவிட்டது. முதலிடம் பிடித்த செயலி நவம்பருக்குள் வரிசையில் வெகு கீழே இறங்கிவிட்டது.

காலிச் சந்தைக்கு யார் வருவார்?

பூட்டு இல்லாததால்தான் கலைந்தார்களா? இல்லை. பெரும்பாலோர் பூட்டைப் பற்றிக் கேட்கவே இல்லை. சேர்ந்தார்கள், திறந்து பார்த்தார்கள், பேச ஆள் இல்லை, திரும்பிவிட்டார்கள்.

கிணத்துக்கடவு மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் பளிங்குத் தரையும் மின்விசிறியும் வைத்து, சுங்கமும் வாங்காமல் ஒரு புது மார்க்கெட் கட்டினால் என்ன ஆகும்? வாங்குகிறவர் இல்லாமல் விற்கிறவர் வர மாட்டார். விற்கிறவர் இல்லாமல் வாங்குகிறவர் வர மாட்டார். சேறும் சகதியுமானாலும் பழைய இடத்திலேதான் வியாபாரம் நடக்கும். இந்தியாவில் வாட்ஸ்அப் வைத்திருப்பவர்கள் 50 கோடிக்கு மேல் என்கிறார்கள். தோட்டத்துக்காரர் ஒருவர் மாறினால் போதாது. அவருடைய வியாபாரி, லாரிக்காரர், உரக்கடைக்காரர், பிள்ளையின் பள்ளிக்கூடம், சம்பந்தி வீட்டார் எல்லாரும் ஒரே நாளில் மாற வேண்டும். நடக்கிற காரியமா?

இதற்கு முன் அடிபட்டவர்களும் உண்டு. 2012-இல் வந்த 'ஹைக்' என்ற இந்தியச் செயலி, 2016-இல் 10 கோடிப் பேரைச் சேர்த்ததாகப் பெருமையோடு சொல்லிக்கொண்டது. 2021 ஜனவரியில் கடையை மூடிவிட்டது. அரட்டை தலைகாட்டிய அதே மாதம்! 'கூ' என்று ஒன்று 2020-இல் வந்து 2024-இல் போயிற்று. 'நான் படங்களையெல்லாம் அதில் வைத்த பிறகு இதுவும் மூடிப் போனால்?' என்று ஒருவர் கேட்டால் அவரைத் தேசபக்தி இல்லாதவர் என்று சொல்லக் கூடாது.

சீனாவில் 'வீசாட்' ஜெயித்ததே என்று உதாரணம் காட்டுவார்கள். 2011-இல் தொடங்கி 100 கோடிப் பேருக்கு மேல் சேர்த்தது உண்மை. அதிலேயே பேசுகிறார்கள், பணமும் கொடுக்கிறார்கள். ஆனால் அந்த நாட்டில் வாட்ஸ்அப்பை அரசாங்கமே தடுத்துவிட்டது. எதிர்க்கடையே இல்லாத தெருவில் கடை வைத்த கதையும் இதுவும் ஒன்றாகுமா?

அதற்காக ஒரே கடையை நம்பியிருப்பதும் ஆபத்துதான். 2021 அக்டோபர் 4-ஆம் தேதி இரவு 9 மணி சுமாருக்கு வாட்ஸ்அப், பேஸ்புக் எல்லாம் உலகமெங்கும் படுத்துவிட்டன. ஏறத்தாழ ஆறு மணி நேரம் மூச்சு இல்லை. காய்கறி லாரிகள் ஓடுகிற நேரம் அது.

பாலம் போட முடியுமா?

ஸ்ரீதர் வேம்பு சொன்ன ஒரு யோசனை இந்த இடத்தில்தான் கவனிக்கத் தக்கது. செய்திச் செயலிகள் மின்னஞ்சல் போலவும், யுபிஐ போலவும் ஒன்றோடொன்று பேச வேண்டும் என்றார் அவர். 2016-இல் வந்த யுபிஐயைப் பாருங்கள். வாங்குகிறவர் ஒரு செயலி, கடைக்காரர் வேறொரு செயலி. ஆனாலும் பணம் போய்ச் சேருகிறது. இளநீர்க்காரர்கூட 'உங்க ஆப் என்னுங்க?' என்று கேட்பதில்லை. டெலிபோனும் அப்படியே. செய்தி அனுப்புவதில் மட்டும் அவனவன் கோட்டைக்குள் அவனவன் ராஜா.

ஐரோப்பாவில் 2024 முதல் ஒரு சட்டம், பெரிய கோட்டைகளின் கதவைத் திறந்து மற்றச் செயலிகளின் செய்தியை உள்ளே விடச் சொல்கிறது. இந்தியாவில் அப்படிச் சட்டம் இல்லை. சிறிய கடைக்காரர் பாலம் கேட்பார், பெரிய கடைக்காரர் கேட்க மாட்டார். இதில் ரகசியம் ஒன்றும் இல்லை. என்றாலும் கேட்டவர் நாளைக்குத் தாமே பெரிய கடைக்காரராகிவிட்டாலும் அதையே சொல்வாரா என்று பார்க்க வேண்டும்.

திண்ணையில் மாப்பிள்ளை விடவில்லை. மாமாவின் போனில் அரட்டையைப் போட்டே விட்டான். குடும்பத்துக்கென்று ஒரு குழு. மாமா, அத்தை, அம்மா, பெங்களூரில் இருக்கிற அக்காள், அவன் என்று ஐந்து பேர்.

"இது நம்ம ஊட்டுக்குள்ள பேசறதுக்குங்க மாமா. யாவாரத்துக்குப் பழசே இருக்கட்டும்."

"செரி, இருக்கட்டும். மொதல்ல பழசைத் தொற மாப்பிள்ளை. பொட்டி என்ன வெலை போகுதுன்னு பாரு."