சித்தப்பாவின் பூட்டு எண்

டீ ஆறுகிறது, குடித்துக்கொண்டே கேளுங்கள் சித்தப்பா. வீட்டுப் பத்திரமும் பாலிசியும் பீரோவில் இருக்கின்றன, சரி. உங்கள் போனுக்குள் இருப்பதை நாளைக்கு யார் எடுப்பது?

எதிர்வீட்டுப் பெரியவர் தவறியபோது, காரியம் முடிந்த கையோடு அவர் எண்ணுக்கு ரீசார்ஜ் போடுவதை நிறுத்திவிட்டார்கள். இனி அதில் யார் பேசப்போகிறார்கள் என்ற நினைப்புதான். பிரீபெய்டு எண் 90 நாள் சும்மா கிடந்தால் முடக்கிவிடலாம். பிறகு வேறொருவர் கைக்கும் போகலாம். மகன் அப்பாவின் ஜிமெயிலைத் திறக்கப் பார்த்தான். ஓ.டி.பி. அந்த எண்ணுக்குத்தான் போனது. ஆகவே, எண்ணை அவசரப்பட்டு விடாமல் வாரிசு பெயருக்கு மாற்றிக்கொள்ளச் சொல்லிவையுங்கள்.

ஜிமெயிலுக்கு இன்னொரு வழி உண்டு. 'இன்ஆக்டிவ் அக்கவுண்ட் மேனேஜர்' என்று கூகுளில் 2013இலிருந்தே இருக்கிறது. நம் வீட்டில் யாரும் தொட்டதில்லை. நீங்கள் 3 மாதமோ 18 மாதமோ கணக்குப் பக்கமே வராவிட்டால், நீங்கள் குறித்துவைத்த ஆளுக்குத் தகவல் போகும். 10 பேர் வரை குறிக்கலாம். யாருக்கு எது என்பதும் உங்கள் இஷ்டம்: சித்திக்குப் போட்டோ மட்டும், மெயில் வேண்டாம் என்றால் அப்படியே. (ஏன் வேண்டாம் என்று நான் கேட்கமாட்டேன்.) ஒன்றும் செய்யாமல் விட்டால், 2 வருடம் திறக்காத கணக்கைக் கூகுள் அழித்துவிடலாம். பேத்தியின் முதல் பிறந்தநாள் படங்களும் அதோடு போகும்.

ஐபோன்காரர்களுக்கு 'லெகசி காண்டாக்ட்' உண்டு. கணக்கைத் திறக்க ஒரு சாவி எண்ணும் இறப்புச் சான்றிதழும் வேண்டும். உங்களிடம் ஐபோன் இல்லை, விடுங்கள்.

வங்கிப் பணத்தை மட்டும் இந்த ஓ.டி.பி. கணக்கில் சேர்க்காதீர்கள். போனவர் பெயரில் ஏ.டி.எம்.மில் எடுத்தால் பின்னால் வம்பு. அதற்கு நாமினி இருக்கிறது. 2025 நவம்பர் முதல் 4 பேர் வரை போடலாம். நாமினி பணத்தை வாங்கிவைப்பவர்தான், வாரிசு ஆகிவிடமாட்டார். உயிலைத் தாளில் எழுதி, 2 சாட்சி வைத்துக் கையெழுத்துப் போடுங்கள். மின்னணு உயிலைத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் ஏற்பதில்லை. பாஸ்வேர்டை உயிலில் எழுதவேண்டாம், நாலு பேர் கண்ணில் படுகிற காகிதம் அது. தனி நோட்டு போதும்.

முதல் வரியாகப் போனின் பூட்டு எண்ணை எழுதலாமா? சொல்லத் தயங்குகிறீர்களே. உங்கள் பழைய ஸ்கூட்டர் நம்பர்தான் என்று சித்தி அடுப்படியிலிருந்தே சொல்கிறார்.