பாட்டுக் கட்ட வராத போது

தை மாதம் நெருங்கினால் பிற மாநிலங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குப் பொங்கல் விழா நினைவு வந்துவிடும். சங்கத்துக் கூடத்தில் கோலமிடுவோர் ஒருபுறம். பிள்ளைகளுக்குக் கும்மியும் கோலாட்டமும் பழக்குவோர் ஒருபுறம். இவர்களுக்கிடையே, ஆர்மோனியப் பெட்டியோடு ஒரு மூலையில் உட்கார்ந்து விழிக்கும் அன்பர் ஒருவர் ஊருக்கு ஊர் உண்டு. பகலில் அவர் வங்கியிலோ தொழிற்சாலையிலோ பணி புரிபவர், மாலையில் இசைவாணர். 'இவ்வாண்டு புதுப்பாட்டு ஒன்று வேண்டும்' என்று செயலாளர் அவரிடம் சொல்லி மூன்று வாரம் ஆகியிருக்கும். மெட்டு அமைந்துவிட்டது, விரல்கள் தாமாகவே அதை வாசிக்கின்றன. சொல் மட்டும் வந்தபாடில்லை.

இக்கட்டுரை அத்தகைய அன்பர்களுக்காகவே எழுதப்படுகிறது. நாம் புலவரும் அல்லோம். பெரிய வித்துவானும் அல்லோம். பள்ளியிறுதியோடு படிப்பை நிறுத்தி, நாகபுரியில் இரயில்வே பார்சல் அலுவலகத்தில் எழுத்தராய் இருந்துகொண்டு, ஓய்ந்த வேளையில் சங்கத்துப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுக்கிறோம். ஆயினும் இத்தடை நமக்கும் பலமுறை நேர்ந்ததுண்டு. பெரியோர் வரலாறுகளைப் படித்தும், நாமே முயன்று பார்த்தும் கண்ட வழிகள் சிலவற்றை இங்கே கூற விரும்புகிறோம்.

தடை எங்கே இருக்கிறது?

சொல் வராத போது, 'கலைமகள் கைவிட்டாள்' என்று சோர்ந்து போவது நம்மவர் வழக்கம். அச்சோர்வுக்கு இடமில்லை. ஆராய்ந்து பார்த்தால் காரணங்கள் மூன்று புலப்படும். மெட்டு எத்தகைய சொல்லைக் கேட்கிறது என்பதைக் கணக்கிட்டு அறியாமை ஒன்று. எழுதும் போதே பிழைக்கு அஞ்சும் அச்சம் இரண்டாவது. யார், யாரை நோக்கிப் பாடுகிறார் என்பதை முடிவு செய்யாமை மூன்றாவது. வெளியூரில் வாழும் நமக்கு இவற்றோடு நான்காவது ஒன்றும் உண்டு. அதைப் பின்னர்க் கூறுவோம்.

மெட்டின் கணக்கு

முதற் காரணத்துக்கு மருந்து தத்தகாரம். பொருளைப் பற்றிக் கவலைப்படாமல், மெட்டை 'தான', 'தனன', 'தந்த' என்ற வெற்றசைகளால் பாடித் தாளில் எழுதிக்கொள்வதே அது. 15ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அருணகிரிநாதரின் திருப்புகழ்ப் பதிப்புக்களில், பாட்டின் தலைப்பில் இவ்வாறு சந்தம் குறித்திருப்பதை அன்பர்கள் பார்த்திருக்கலாம். மெட்டு முன்னே, பாட்டுப் பின்னே என்ற முறையில் வேலை செய்யும் திரைப்பட இசையமைப்பாளரும் கவிஞருக்கு மெட்டைத் தத்தகாரமாகப் பாடிக் காட்டுவதுண்டு.

ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறோம். மெட்டு 'தான தான தானனா' என்று ஓடுவதாக வைத்துக்கொள்வோம். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. ஆகவே 'தான' என்பது மூன்று மாத்திரை. 'தானனா' என்பது ஐந்து. கடைசி நெடிலை இன்னும் ஒரு மாத்திரை நீட்டினால் ஆறு. அடி முழுவதும் பன்னிரண்டு மாத்திரையாகித் திசிர நடையில் ஒழுங்காக உட்காரும். இனி, நெடிலும் குறிலுமாய் வரும் ஈரெழுத்துச் சொற்களைத் தேட வேண்டியதுதான். மாடு, வீடு, தேடி, பாடி, கூட, ஓடி என்று ஒரு பட்டியல் போட்டால், 'மாடு கூட ஆடுதே, வீடு தேடி வாருமே' என்று இரண்டு அடி வந்து நிற்கும். எதுகையும் தானே அமைந்துவிட்டது. இது உயர்ந்த கவிதையன்று. ஆனால் வெற்றுத் தாள் என்ற பயம் இதனால் நீங்கிவிட்டது.

மெட்டே அமையாத போது பழைய மெட்டொன்றைத் துணைக்கு அழைப்பதும் இழுக்கன்று. பாரதியார் நந்தனார் சரித்திரக் கீர்த்தனை மெட்டுக்களையும், கிளிக்கண்ணி, காவடிச் சிந்து முதலிய வழக்கிலுள்ள வடிவங்களையும் எடுத்தாண்டு, அவற்றில் தேச பக்தியை நிரப்பிப் பாடினார். மக்கள் ஏற்கெனவே அறிந்திருந்த மெட்டு ஆகையால் புதுக்கருத்து எளிதில் பரவியது.

பிழை பார்க்கும் கண்

இரண்டாவது தடை அச்சம். இதற்கு உ. வே. சாமிநாதையர் எழுதி வைத்துள்ள ஒரு செய்தி நல்ல பாடம். கோபாலகிருஷ்ண பாரதியார் தாம் இயற்றிய நந்தனார் சரித்திரக் கீர்த்தனைக்குச் சிறப்புப் பாயிரம் வேண்டி மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையை நாடினார். நூலில் இலக்கண வழுக்கள் இருந்தமையால் பிள்ளையவர்கள் பாயிரம் தராமல் நாட்களைக் கடத்தி வந்தார். ஒருநாள் பாரதியார் வந்தபோது பிள்ளையவர்கள் உள்ளே ஓய்வாக இருந்தார். பாரதியார் வெளியே அமர்ந்து தம் கீர்த்தனங்களைப் பாடத் தொடங்கினார். கேட்டுக்கொண்டிருந்த மகாவித்துவானின் உள்ளம் உருகிவிட்டது, பாயிரமும் கிடைத்தது.

இதனால் இலக்கணம் வேண்டாம் என்பது நம் கருத்தன்று. பாட்டு உயிரோடு பிறந்த பின்பே அதைத் திருத்த முடியும். பிறவாத பாட்டில் பிழை திருத்துவது எப்படி? ஆதலின், கட்டுவதற்கு ஒரு நாள், திருத்துவதற்கு வேறொரு நாள் என்று பிரித்து வைத்துக்கொள்வது நலம். கட்டும் நாளில் மோனை தவறினாலும் நிற்காமல் பாடிச் செல்க. கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்துகொண்டால் எழுதுவதற்காகக் கூட நிறுத்த வேண்டியதில்லை.

பல்லவி வரவில்லையே என்று ஏங்கி நிற்பதும் இந்த அச்சத்தின் கிளையே. சரணத்தை முதலில் கட்டினால் என்ன? இரயில் நிலையத்தில் பெட்டிகளை ஒன்றோடொன்று கோத்து நிறுத்திய பிறகே எஞ்சின் வந்து சேர்வதை நாம் நாள்தோறும் காண்கிறோம். சரணங்கள் மூன்றும் அமைந்த பின், அவற்றுக்கெல்லாம் பொதுவான கருத்தை ஒரே அடியில் சொன்னால் பல்லவி ஆகிவிடும்.

எல்லையும் துணையும்

'எதைப் பற்றி வேண்டுமானாலும் எழுதலாம்' என்ற விரிவே சிலரைத் திகைக்க வைக்கிறது. எல்லை குறுகினால் சொல் பாயும். கோபாலகிருஷ்ண பாரதியார் திருவையாற்றில் தியாகராஜ சுவாமிகளைக் காணச் சென்றதாக ஒரு வரலாறு இசையுலகில் வழிவழியாகச் சொல்லப்படுகிறது. ஆபோகி இராகத்தில் ஏதேனும் கீர்த்தனம் செய்ததுண்டா என்று சுவாமிகள் வினவ, பாரதியார் அதற்குள் ஒன்று இயற்றி மறுநாளே பாடினாராம். இராகம் ஒன்று, பொழுது ஒன்று என்ற எல்லை அவருக்கு உதவியது. கோடீஸ்வர ஐயர் 72 மேளகர்த்தா இராகங்களிலும் தமிழில் கீர்த்தனம் செய்து முடித்தார். அடுத்து என்ன செய்வது என்ற கேள்விக்கு அந்த வரிசையே விடை சொல்லியிருக்க வேண்டும்.

சொல்லும் இசையும் ஒருவரிடமே இருந்தாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. இராம நாடகக் கீர்த்தனை தந்த அருணாசலக் கவிராயருக்கு (1711-1779) இசை வல்ல மாணாக்கர் இருவர் துணை நின்றனர். நம் காலத்திலும் கண்ணதாசனும் எம். எஸ். விசுவநாதனும் சேர்ந்து அளித்த பாடல்களை நாம் அறிவோம். சங்கத்தில் ஆர்மோனியம் வாசிப்பவர் ஒருவர், அழகாகக் கடிதம் எழுதும் அம்மையார் ஒருவர் இருந்தால், அவ்விருவரும் ஓர் ஞாயிற்றுக்கிழமை சேர்ந்து உட்காரலாமே!

யார் பாடுகிறார்?

பொருள் தெரிந்தும் பாட்டு நகராவிட்டால், பாடுபவரையும் கேட்பவரையும் மாற்றிப் பார்க்க வேண்டும். 1917-ல் வெளிவந்த பாரதியாரின் கண்ணன் பாட்டை நினைத்துப் பாருங்கள். கண்ணன் ஒருவனே. ஆனால் அவனைத் தாயாக, தந்தையாக, சேவகனாக, அரசனாக, சீடனாக, குருவாக, குழந்தையாக, காதலனாக வைத்துப் பாடியமையால் பாட்டுக்குப் பாட்டு புதிதாயிற்று. பொங்கலைப் பற்றி எழுத வரவில்லையா? பொங்கற் பானை பேசுவதாக எழுதலாம். ஊரில் தனியாக இருக்கும் பாட்டி பேரனை அழைப்பதாக எழுதலாம். விடுமுறை கிடைக்காத தந்தை தம் மகளுக்குச் சொல்வதாகவும் எழுதலாம்.

நமக்கே உரிய தடை

இனி, நான்காவது காரணத்துக்கு வருவோம். நாம் அலுவலகத்தில் இந்தி பேசுகிறோம். கடையில் மராத்தியோ வங்காளியோ பேசுகிறோம். வீட்டிலும் ஐம்பது, அறுபது சொற்களுக்குள் தமிழ் அடங்கிவிடுகிறது. வாய் பழகாத சொல் பாட்டுக்கு மட்டும் எங்கிருந்து வரும்? கற்பனை வற்றியதென்று நாம் நினைப்பது பல சமயம் சொல் வற்றியதே.

நாகபுரியில் பிள்ளைகளுக்குப் பொங்கல் பாட்டொன்று கட்ட முற்பட்ட போது இது நமக்கு நன்கு விளங்கிற்று. நெல், வரப்பு, களத்துமேடு என்று தொடங்கி இரண்டு அடிக்கு மேல் செல்லவில்லை. ஒத்திகையில் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி, "வரப்புன்னா என்ன, மாமா?" என்று கேட்டாள். அவள் கையிலிருந்த தாளில் அவ்வடிகளை இந்தி எழுத்தில் எழுதி வைத்திருந்தாள். அவள் பிறந்து வளர்ந்தது இரயில்வே குடியிருப்பில். அவளுக்கு வரப்பைப் பற்றிச் சொல்லும் கடமை நமக்கு உண்டு. ஆயினும் அவள் கண்ணால் கண்ட ஒன்றிலிருந்து தொடங்கினால் அல்லவா அவள் வாய் திறந்து பாடுவாள்?

அன்று மாலை பாட்டை நிறுத்திவிட்டு, பிள்ளைகளைச் சுற்றி உட்கார வைத்து, "மாட்டுப் பொங்கல் என்றால் உங்களுக்கு என்ன நினைவு வருகிறது?" என்று கேட்டோம். ஒரு சிறுவன், "போளா மாதிரி!" என்றான். இங்கே ஆவணியை ஒட்டி வரும் போளாத் திருநாளில் உழவர் தம் எருதுகளை அலங்கரித்து வழிபடுவர். மறுநாள் தான்ஹா போளா. சிறுவர் சக்கரம் வைத்த மர எருதுகளை அலங்கரித்துத் தெருவில் இழுத்துச் செல்வர். இழுக்கும் போது அம்மாடு ஆடி ஆடி வருமென்று சிறுவன் நடித்துக் காட்டினான். மேலே காட்டிய 'மாடு கூட ஆடுதே' என்ற அடி அவன் தந்தது. அதன்பின் சங்கராந்திப் பட்டமும், எள்ளுருண்டையும், மார்கழிக் குளிரும் பாட்டுக்குள் வந்தன. மூன்றாம் சரணத்தில், பாட்டி சொல்லும் கதையாக வரப்பும் வந்தது.

அச்சிறுமியின் பாட்டியாரிடமிருந்து வேறொரு செல்வமும் கிடைத்தது. நாற்று நடவு, தாலாட்டு, கும்மி ஆகியவற்றில் வழங்கிய சொற்களை அவர் சொல்லச் சொல்ல நாம் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டோம். இரண்டு மாலையில் நான்கு பக்கம் நிரம்பியது. பாட்டுக் கட்ட வராத நாளில் அந்நோட்டைப் புரட்டினால் ஏதேனும் ஒரு சொல் கையைப் பிடித்து அழைத்துச் செல்கிறது.

மராத்தியில் ளகரம் உண்டு, ழகரம் இல்லை. இங்குப் பிறந்த நம் குழந்தைகளுக்கு 'மழை' என்பது 'மளை' ஆகிவிடுவதில் வியப்பில்லை. அதட்டித் திருத்தினால் குழந்தை தமிழ் பேசவே கூசும். ஆதலால் பாட்டில் மழை, வாழை, பழம் என்ற சொற்களை இனிய இடத்தில், நெடிய ஸ்வரத்தில் வைத்தோம். திரும்பத் திரும்பப் பாடியதில் நாக்கு தானே வளைந்தது. பல வீடுகளில் பிள்ளைகள் வாய்விட்டு உரக்கச் சொல்லும் தமிழ், சங்கத்துப் பாட்டு ஒன்றே. அதைக் கட்டித் தருபவர் சோர்ந்து உட்கார்ந்தால் இழப்பு அவரோடு நில்லாது.

ஆகவே, மூலையில் விழித்துக்கொண்டிருக்கும் அன்பரே! இன்றே தத்தகாரத்தை எழுதிக்கொள்ளுங்கள். அண்டை வீட்டுப் பாட்டியாரிடம் பத்துச் சொற்கள் கேளுங்கள். பிள்ளைகளிடம் அவர்கள் கண்டதைக் கேளுங்கள். சரணத்தில் தொடங்குங்கள், பிழையை நாளை பார்த்துக்கொள்ளலாம். ஒவ்வொரு சங்கத்திலும் ஆண்டுக்கு ஒரு புதுப்பாட்டேனும் பிறந்து, அவற்றைச் சங்கங்கள் ஒன்றோடொன்று பரிமாறிக்கொள்ளுமானால், சில ஆண்டுகளில் நம் பிள்ளைகளுக்கென்றே ஒரு பாட்டுத் தொகுதி சேர்ந்துவிடும். இம்முயற்சியில் அன்பர்களும் தாய்மார்களும் ஈடுபட வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம்.