குளிக்கத் தொட்டியா, ஷவரா?



காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே உள்ள ஸ்ரீரங்கத்திலும் திருச்சி மாவட்டத்து ஆற்றங்கரைக் கிராமங்களிலும் குளியல் என்றால் ஒரு காலத்தில் ஆறும் வாய்க்காலும்தான். ஆடிப் பதினெட்டுக்கு அம்மா மண்டபத்தில் முழுக்குப் போடும் வழக்கம் இன்றும் உண்டு. ஆனால் அன்றாடக் குளியல் பல வீடுகளில் உள்ளே வந்துவிட்டது. பெண்கள் மறைவாக, நிதானமாகக் குளிக்க முடிகிறது.

பழைய குளியலறையைப் புதுப்பிக்கும்போது கொத்தனார் கேட்பார்: “சிமெண்டுத் தொட்டி இருக்கட்டுமா, இடிச்சுட்டு ஷவர் போடலாமா?” செலவை மட்டும் பார்த்துப் பதில் சொல்லிவிடாதீர்கள். வீட்டில் கர்ப்பிணி, கைக்குழந்தை, வயதானவர் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள்.

தொட்டியில் என்ன கெடுதல்?

“தண்ணி சுத்தமாத்தானே இருக்கு?” என்பீர்கள். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடுவது சுத்தமான தண்ணீரில்தான். முட்டை கொசுவாக மாற ஏறக்குறைய 7 முதல் 10 நாள் போதும். தண்ணீரை இறைத்துக் கொட்டினாலும் சுவரில் ஒட்டிய முட்டை காய்ந்தபடியே மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஆகவே வாரம் ஒருமுறை சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். இன்னொன்று: தலைகுப்புற விழும் சின்னப் பிள்ளைக்குச் சில அங்குலத் தண்ணீரே எமனாகிவிடும்.

ஷவர் எப்படி?

தண்ணீர் தேங்காது. கர்ப்பிணி குனிந்து குனிந்து மொள்ள வேண்டாம். ஆனால் மாடியில் தண்ணீர் டேங்க் இருந்தால்தான் வேகம் வரும். தண்ணீர்ச் செலவையும் கவனியுங்கள். ஷவருக்கு அடியில் ஒரு நிமிடம் வாளியைப் பிடித்துப் பாருங்கள். 10 லிட்டர் விழுந்தால் 5 நிமிடக் குளியலுக்கு 50 லிட்டர். வாளியில் குளித்தால் 20 லிட்டரே போதும். சோப்புப் போடும்போது ஷவரை மூடுங்கள்.

எதைத் தேர்ந்தெடுப்பது?

மாடி டேங்க் இருந்தால் ஷவரும், அதற்குக் கீழே வாளி வைக்க ஒரு குழாயும் போடுங்கள். தெருக்குழாய்த் தண்ணீர்தான் என்றால் இறுக்கமான மூடி போட்ட டிரம்மும் வாளியும் போதும். திறந்த தொட்டி மட்டும் வேண்டவே வேண்டாம்.

எதைப் போட்டாலும் இவற்றை மறக்காதீர்கள்:

• வழவழப்பான ஓடு வேண்டாம். சொரசொரப்பான தரை போடுங்கள். கர்ப்பிணி வழுக்கி விழுந்தால் இரண்டு உயிருக்கு ஆபத்து.
• சுவரில் உறுதியான கைப்பிடிக் கம்பி, பெரியவர்கள் உட்கார ஒரு முக்காலி.
• கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும். உள்ளே ஒருவர் விழுந்து கிடந்தாலும் திறந்து தூக்கலாம்.
• தரைக்கு நல்ல வாட்டம். கழிவுநீர் வாழைக்கோ உறிஞ்சுகுழிக்கோ போகட்டும். வாசலில் தேங்கக் கூடாது.

குளியலறையை அதிகம் புழங்குபவர் வீட்டுப் பெண். ஆகவே, ஐயா, கொத்தனாருக்குப் பதில் சொல்லுமுன் உங்கள் மனைவியைக் கேளுங்கள். அம்மா, குழாய் எந்த உயரத்தில் வேண்டும், கம்பி எங்கே வேண்டும் என்று நீங்களே நின்று காட்டுங்கள். தொட்டியை இடிக்கும்வரை, வாரம் ஒருநாள் குறித்து இருவருமாகத் தேய்த்துக் கழுவுங்கள்.