கட்டடமும் மின்னமைப்புத் திட்டமும்

'மின்' என்னும் சொல் பழந்தமிழில் வானத்து மின்னலையே குறித்தது. கணப்பொழுதில் தோன்றி மறையும் அவ்வொளியை நம் முன்னோர் வியந்தும் அஞ்சியும் நோக்கினர். இன்று அதே சொல்லடியாக மின்சாரம், மின்விளக்கு, மின்விசிறி, மின்னஞ்சல் எனப் பற்பல சொற்கள் கிளைத்துள்ளன. வானத்தில் இருந்த மின் வீட்டுக்குள் வந்து பழகிவிட்டது. பழகியதனாலேயே அதன்பால் நமக்கிருந்த அச்சமும் அகன்றுவிட்டது. வீடு கட்டுவோரும், பள்ளி, விடுதி, திருமண மண்டபம் முதலிய பொதுக் கட்டடங்களை எழுப்பும் குழுவினரும் மின்னமைப்பைக் குறித்துச் சிந்திக்கும் நேரத்தை அளந்து பார்த்தால் இவ்வுண்மை விளங்கும். தலைவாயிற் கதவுக்கு எம்மரம் என்று பல நாள் ஆய்கிறோம். தரைக்கு எந்தக் கல் என்று கடை கடையாய் ஏறி இறங்குகிறோம். மின்கம்பி எங்கே செல்லவேண்டும் என்பதையோ, சுவர் எழும்பி, பூச்சு வேலைக்குச் சாரம் கட்டிய பின்னர் ஒரு மாலைப் பொழுதில் விரலால் சுட்டிக் காட்டி முடித்துவிடுகிறோம்.

அவ்வாறு முடிப்பதால் நேரும் முதல் இழப்பு பொருளிழப்பு. கூரைத் தளத்துக்குக் கம்பி கட்டும் போதே பி.வி.சி. குழாய்களையும் மின்விசிறிக்கான கொக்கிப் பெட்டிகளையும் அவற்றின் இடத்தில் வைத்துவிட்டுக் காங்கிரீட் இட வேண்டும். மறந்துவிட்டால் பின்னர்த் தளத்தைக் குடைய வேண்டும், அன்றேல் குழாயைச் சுவரின்மேல் வெளிப்படையாக ஓட்ட வேண்டும். கட்டி முடித்த சுவரை உளிகொண்டு வெட்டுவதும், வெட்டிய இடத்தில் பூச்சு வெடிப்பதும் நாம் அன்றாடம் காண்பனவே. இவ்விழப்பையாவது பணம் கொடுத்து ஈடு செய்யலாம். உயிர் தொடர்பான இழப்பு அத்தகையதன்று. அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாதலால், கணக்கிலிருந்து தொடங்குவோம்.

ஒரு நடுத்தரக் குடும்பத்தின் வீட்டை எடுத்துக்கொள்வோம். பன்னிரண்டு எல்.இ.டி. விளக்குகளுக்கு 120 வாட், ஐந்து மின்விசிறிகளுக்கு 350, குளிர்பதனப் பெட்டிக்கு 200, சலவை இயந்திரத்துக்கு 500, மிக்சிக்கு 600, கிரைண்டருக்கு 200, இஸ்திரிப் பெட்டிக்கு 1,000, வெந்நீர்க் கொதிகலனுக்கு 2,000, ஒன்றரை டன் குளிரூட்டிக்கு 1,700, ஒரு குதிரைத்திறன் நீரேற்றி இழுப்பது ஏறத்தாழ 1,000, தொலைக்காட்சிக்கு 100. கூட்டினால் 7,800 வாட்டை நெருங்குகிறது. வீடுகளுக்கு வரும் மின்னழுத்தம் 230 வோல்ட். வகுத்தால் 34 ஆம்பியர். எல்லாம் ஒரே வேளையில் ஓடா என்பது உண்மையே. எனினும் காலை ஆறு மணி முதல் எட்டு மணி வரையுள்ள நிலையை எண்ணிப் பாருங்கள். கொதிகலன் காய்கிறது, தொட்டிக்கு நீர் ஏறுகிறது, அடுக்களையில் மிக்சி அரைக்கிறது, பள்ளிச் சீருடைக்கு இஸ்திரி நடக்கிறது. குளிர்பதனப் பெட்டியும் சில விசிறிகளும் விளக்குகளும் உடன் ஓடுகின்றன. அப்போதே 22 ஆம்பியர் ஆகிவிடுகிறது. திட்டமிடுவோன் கணக்கிட வேண்டியது இந்த நெருக்கடி வேளையைத்தான். மின்வாரியத்திடம் எத்தனை கிலோவாட் கேட்பது, ஒருமுனை இணைப்புப் போதுமா மும்முனை வேண்டுமா என்பனவெல்லாம் இக்கணக்கிலிருந்தே பிறக்கும்.

தேக்குச் சட்டத்தில் கம்பியைப் பதித்து, அறைக்கு ஒரு விளக்கென மாட்டிய பழைய வீடுகளுக்கு இத்தகைய கணக்கு வேண்டியிருக்கவில்லை. அவ்வீடுகளின் கம்பியிலேயே இன்று குளிரூட்டியையும் மின்தூண்டல் அடுப்பையும் இணைக்கிறோம். கம்பியில் தோன்றும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்வது. ஓட்டம் இரு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும். சுவருக்குள் புதைந்த குழாயில் அவ்வெப்பம் வெளியேற வழியில்லை. மேலுறை மெல்ல மெல்லக் கருகுவதை எவரும் காண்பதில்லை.

இதனைத் தவிர்க்கவே மின்சுற்றுகளைப் பிரிக்கும் முறை ஏற்பட்டது. இந்தியத் தர நிறுவனத்தின் ஐ.எஸ். 732 என்னும் கம்பியமைப்பு விதித்தொகுப்பு கூறிவந்த அளவு நினைவிற் கொள்ளத்தக்கது: விளக்கு, விசிறிச் சுற்று ஒன்றில் பத்து முனைகளுக்கு மேல் வேண்டா, சுமை 800 வாட்டைத் தாண்டலாகாது, பவர் பிளக் சுற்று ஒன்றில் இரண்டு முனைகளே, சுமை 3,000 வாட்டுக்குள். விளக்குச் சுற்றுக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி, பவர் பிளக்குக்கு 2.5, குளிரூட்டிக்கும் கொதிகலனுக்கும் தனித்தனிச் சுற்றில் 4 என்பது நம் பகுதியில் தேர்ந்த பணியாளர் பின்பற்றும் வழக்கம். அடுக்களைக்கு மட்டும் இரண்டு சுற்றுகளேனும் வேண்டும். அங்கு நின்று பணிபுரியும் பெண்மக்களைக் கேட்காமல் ஆடவர் மட்டும் கூடி அடுக்களைப் பிளக்குகளைத் தீர்மானிப்பதால்தான், ஒரே பிளக்கில் பெட்டிமேல் பெட்டி தொங்கும் நிலை வருகிறது என்பது நம் கருத்து.

இனி உயிர்நிலையான செய்திக்கு வருவோம். நம் மக்களிடையே ஒரு தவறான எண்ணம் வேரூன்றியுள்ளது. பழைய பியூஸ் கட்டைக்கு மாற்றாக எம்.சி.பி. என்னும் சிறு விசைகளைப் பொருத்திவிட்டால் மின்தாக்குதலிலிருந்து தப்பலாம் என்பதே அது. எம்.சி.பி. காப்பது கம்பியை, மனிதனையன்று. மனித உடலின் மின்தடையைத் தோராயமாக 1,000 ஓம் எனக் கொள்வர். 230 வோல்ட் உள்ள கம்பியைத் தொட்டவன் உடலில் 230 மில்லி ஆம்பியர், அதாவது ஓர் ஆம்பியரில் கால் பங்குக்கும் குறைவாகவே பாயும். இதயத்தின் துடிப்பைக் குலைக்க அதுவே மிகுதி. ஆனால் 6 ஆம்பியர் எம்.சி.பி.க்கு அது ஒரு சிறு விளக்கின் சுமையைப் போன்றது. அது அசையாது.

மனிதனைக் காப்பது ஆர்.சி.சி.பி. எனப்படும் மின்கசிவு துண்டிப்பான். இதன் செயல்முறை எளிது. பேஸ் கம்பி வழியே சென்ற ஓட்டம் முழுவதும் நியூட்ரல் கம்பி வழியே திரும்ப வேண்டும். இரண்டும் ஒரு வளையத்தினுள் செல்லுமாறு அமைத்து, போனதும் வந்ததும் சமமா என்று இக்கருவி இடையறாது ஒப்பிடுகிறது. ஒரு பகுதி மனித உடல் வழியாகவோ ஈரச்சுவர் வழியாகவோ நிலத்துக்குச் சென்றால் கணக்கு ஒவ்வாது. உடனே இணைப்பைத் துண்டிக்கிறது. வீடுகளுக்கு ஏற்றது 30 மில்லி ஆம்பியர் வேறுபாட்டில் துண்டிக்கும் வகை. பேஸையும் நியூட்ரலையும் ஒருங்கே பற்றிக்கொண்டவனை மட்டும் இதனால் காக்க இயலாது; அங்குக் கணக்கு ஒத்துப்போய்விடும்.

நில இணைப்பு, அதாவது எர்த், இதற்குத் துணையானது, மாற்றானதன்று. ஒரு கொதிகலனின் உலோக உடலில் பேஸ் கம்பி பட்டுவிட்டது எனக் கொள்வோம். எர்த் வழியாக மின்னோட்டம் திரும்பும் பாதையின் மொத்தத் தடை ஓர் ஓம் ஆனால் 230 ஆம்பியர் பாய்ந்து எம்.சி.பி. உடனே விழும். அத்தடை 23 ஓம் ஆனால் பாய்வது 10 ஆம்பியரே. 16 ஆம்பியர் எம்.சி.பி. விழாது, உலோக உடல் உயிர்ப்புடனேயே நிற்கும். குளிக்கச் செல்பவர் கை படும்வரை அது தெரியாது. பாறை நிலத்திலும் கோடையில் வறண்ட மண்ணிலும் மிகக் குறைந்த தடை கிடைப்பது அரிது. 30 மில்லி ஆம்பியர் துண்டிப்பானுக்கோ நூறு ஓம் தடையிருப்பினும் போதும். எர்த்துக்கு இரண்டரை மீட்டருக்குக் குறையாத இரும்புக் குழாயைக் கரியும் உப்பும் இட்டுப் புதைப்பது பழகிய முறை. அக்குழி கட்டுமானத்தின் தொடக்கத்திலேயே வரைபடத்தில் இடம் பெற வேண்டும். சுற்றிலும் சிமெண்டுத் தளம் போட்டுவிட்ட பிறகு அதற்கு இடம் தேடுவோர், சன்னலுக்கு வெளியே ஒரு சாண் கம்பியை அடித்துப் பெயரளவில் எர்த் என்று முடித்துவிடுகின்றனர்.

'கருவியை வாங்கி மாட்டினோம், அடிக்கடி விழுகிறது, எலக்ட்ரீசியன் அதைக் கழற்றிவிட்டார்' என்று பலர் கூறக் கேட்கிறோம். கருவியின் குறையாக இருப்பது சிறுபான்மையே. பெரும்பாலும் நியூட்ரல் கம்பியைக் கண்டபடி இணைத்ததன் விளைவு அது. ஒரு சுற்றின் பேஸ் இங்கிருந்தும், நியூட்ரல் அடுத்த சுற்றிலிருந்தும் எடுக்கப்பட்டால் போனதும் வந்ததும் எப்படி ஒக்கும்? மாடிப்படி விளக்கு இதற்குத் தக்க சான்று. கீழே ஒரு சுவிட்ச், மேலே ஒரு சுவிட்ச். கீழ்த்தளச் சுற்றிலிருந்து பேஸையும், அருகிலிருக்கிறதே என்று மேல்தளச் சுற்றிலிருந்து நியூட்ரலையும் கொடுத்துவிடுவர். விளக்கு நன்றாகவே எரியும். ஈராண்டு கழித்துத் துண்டிப்பான் பொருத்தும் நாளில்தான் வழு வெளிப்படும். இன்வெர்ட்டர் இணைப்பிலும் இதுவே நிகழ்கிறது. மின்வெட்டுக் காலத்தில் ஓடவேண்டிய விளக்கு, விசிறிகளுக்கெனத் தனிச் சுற்றும் தனி நியூட்ரலும் முதலிலேயே விடப்படாத வீட்டில், பின்னர் வந்த இன்வெர்ட்டரின் நியூட்ரல் வீட்டு நியூட்ரலோடு கலந்துவிடுகிறது. ஆகவே இத்துண்டிப்பான் கடையில் வாங்கிக் கடைசியில் ஒட்டும் பொருளன்று. ஒவ்வொரு சுற்றுக்கும் அதற்குரிய நியூட்ரல் தனியே பெட்டிவரை வரவேண்டும் என்று சுவர் எழுமுன் எழுதிவைத்தால்தான் அது வேலை செய்யும். வீடு முழுமைக்கும் ஒன்றே பொருத்தினால் எங்கோ ஓரிடத்துக் கசிவுக்கு எல்லா அறையும் இருளும். இரண்டாகப் பிரிப்பது சாலச் சிறந்தது.

கம்பியின் நிறத்திலும் ஒழுங்கு வேண்டும். பேஸுக்குச் சிவப்பு, மஞ்சள், நீலம், நியூட்ரலுக்குக் கறுப்பு, எர்த்துக்குப் பச்சை. கையிலிருந்த சுருள் தீர்ந்ததென்று பச்சையைப் பேஸுக்கு இழுத்துவிடும் பணியாளன், தனக்குப் பின் வரும் மற்றொரு பணியாளனின் உயிரோடு விளையாடுகிறான். சுவிட்ச் துண்டிக்க வேண்டியது பேஸையே. நியூட்ரலைத் துண்டித்தால் விளக்கு அணையும், ஆயின் அதன் தாங்கியில் மின்சாரம் நிற்கும். குளியலறைக் கொதிகலனின் சுவிட்ச் ஈரக்கை எட்டாதவாறு வெளிச்சுவரில் அமைவதே நன்று. மேல்தளத்திலிருந்து மெயின் போர்டு வரை ஒரு வெற்றுக் குழாயை விட்டுவைத்தால், கூரைமேல் சூரியத் தகடுகள் வைக்கும் நாளில் சுவரை உடைக்க வேண்டியிராது. மின்வண்டிக்கு மின்னேற்ற ஒரு தனிச் சுற்றையும் இன்றே எண்ணிக்கொள்ளலாம்.

பொதுக் கட்டடங்களைப் பொறுத்தவரை, கட்டடக் குழுக்களில் அமரும் பெரியோர்களிடம் நாம் சற்று விரித்துரைக்க விரும்புகிறோம். வீட்டில் இருப்பவருக்கு வழி தெரியும். மண்டபத்துக்கு வருபவருக்குத் தெரியாது. 1997 ஜூன் 13 அன்று தில்லியில் உபகார் திரையரங்கில் 59 பேர் மாண்டனர். தரைத்தளத்தில், வண்டிகள் நிறுத்தும் இடத்தை ஒட்டி மின்மாற்றி இருந்தது. அன்று காலையிலேயே அது தீப்பற்றிப் பழுதுபார்க்கப்பட்டிருந்தது. செம்மையாக இறுக்கப்படாத இணைப்பொன்று மாலையில் தளர்ந்து தீப்பொறி எழுந்தது. எண்ணெய் கசிந்து வண்டிகளும் எரிந்தன. புகை படிவழியே மேல்மாடத்துக்கு ஏறியது. கூடுதலாக இருக்கைகள் போடப்பட்டதால் அங்கு ஒரு வழி அடைபட்டிருந்தது. இறந்தோர் பெரும்பாலும் நெருப்பால் அன்று, மூச்சுத் திணறலால் மடிந்தனர். பழுது ஓர் இணைப்பில் இருந்தது. அதைப் பேரழிவாக்கியது மின்மாற்றி வைத்த இடமும் மறிக்கப்பட்ட வழியும் ஆகும்.

எனவே மண்டபத்தின் மின்னறை படிக்கட்டின் அடியில் அமையலாகாது. அங்கே பழைய நாற்காலிகளையும் பந்தல் துணிகளையும் அடுக்கும் பழக்கம் ஒழிய வேண்டும். முதன்மைச் சுவிட்ச் பூட்டிய அறைக்குள் இருந்து, சாவி செயலாளரின் வீட்டில் இருப்பதும் நாம் கண்டதே. வெளியேறும் வழிகளில் மின்சாரம் நின்றாலும் எரியும் விளக்குகள் வேண்டும். ஜெனரேட்டரின் மின்சாரம் வாரியக் கம்பிக்குள் ஏறாதவாறு மாற்றுச் சுவிட்ச் பொருத்துவது கட்டாயம். இல்லையேல் எங்கோ கம்பத்தில் ஏறி நிற்கும் தொழிலாளி அதற்குப் பலியாவான். திருமண நாளில் வண்ண விளக்குக்காரர் எங்கிருந்து மின்சாரம் எடுப்பார் என்பதையும் திட்டத்திலேயே எழுத வேண்டும். அவருக்கெனத் துண்டிப்பானோடு கூடிய தனிப் பெட்டி ஒன்று மண்டபத்துக்கு வெளியே இருந்தால், அவர் மெயின் போர்டைத் திறந்து கம்பி செருக மாட்டார்.

இப்பணிகளை அரசின் உரிமம் பெற்ற மின் ஒப்பந்தக்காரரைக் கொண்டே செய்விக்க வேண்டும் என்பது சட்டம். குறைந்த தொகை சொன்னார் என்பதற்காக உரிமமில்லாதவரிடம் ஒப்படைத்துவிட்டு, கையொப்பத்தை மட்டும் வேறொருவரிடம் விலைக்கு வாங்கும் வழக்கத்தை நாம் மென்மையாகக் கண்டிக்க இயலாது.

வேலை முடிந்ததும் மின்னிணைப்புக் கொடுக்குமுன் 500 வோல்ட் மெகர் கருவியால் கம்பிகளின் காப்புத்தடையை அளக்க வேண்டும். ஒரு மெகா ஓமுக்குக் குறையின் எங்கோ உறை கிழிந்திருக்கிறது என்று பொருள். எர்த்தின் தடையையும் அளந்து எழுதி வாங்க வேண்டும். துண்டிப்பானில் 'டி' என்று எழுதிய பொத்தான் ஒன்று உண்டு. மாதம் ஒருமுறை அதை அழுத்தினால் கருவி விழ வேண்டும், விழாவிடில் மாற்ற வேண்டும். எந்தக் குழாய் எச்சுவரில் எந்த உயரத்தில் ஓடுகிறது, எந்த எம்.சி.பி. எந்த அறைக்கு உரியது என்பவற்றைக் காட்டும் வரைபடத்தின் ஒரு படி மெயின் போர்டுக் கதவின் உட்புறத்திலும், மற்றொரு படி வீட்டுப் பத்திரத்தோடும் இருக்கட்டும். பிற்காலத்தில் படம் மாட்ட ஆணி அடிப்பவருக்கும் அது பயன்படும்.