மேலே பார்த்து நிறுத்துங்கள்

சிறுசேரி சிப்காட் தொழில்நுட்பப் பூங்காவுக்குக் காலை பத்து மணிக்கு மேல் காரில் வருகிறவர் நிழலை மறந்துவிட வேண்டியதுதான். புங்கை, தூங்குமூஞ்சி, வேம்பு என்று எந்த மரத்தடி இருந்தாலும் முந்தி வந்தவர்கள் பிடித்துவைத்திருப்பார்கள். பிந்தி வந்தவரின் வண்டி நாள் முழுக்க வெட்டவெளியில் வேகும். மாலையில் வீட்டுக்குக் கிளம்பும்போது நிலைமை தலைகீழ். வெயிலில் நின்ற வண்டி வெறும் தூசியோடு நிற்க, நிழலில் நின்ற வண்டியின் கூரையிலும் முன்கண்ணாடியிலும் வெள்ளையும் கறுப்புமாக எச்சம் வழிந்து காய்ந்திருக்கும்.

பழைய மகாபலிபுரம் சாலையில் கார் வைத்திருக்கும் எல்லாருக்கும் தெரிந்த அவஸ்தை இது. நிழல் வேண்டுமென்றால் மரம் வேண்டும். மரம் என்றால் பறவையும் உண்டு. ஆகவே வெயிலா எச்சமா, இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள் என்பதுபோலத் தோன்றும். உண்மையில் பெயின்ட்டைக் கெடுப்பது இவற்றில் ஏதோ ஒன்று அல்ல. இரண்டும் கூட்டுச் சேர்ந்துதான் கெடுக்கின்றன.

எச்சம் என்பது என்ன என்பதிலிருந்து தொடங்கலாம். பறவைக்குச் சிறுநீர் தனி, மலம் தனி என்ற ஏற்பாடு கிடையாது. பெரும்பாலான பறவைகளுக்குச் சிறுநீர்ப்பையே இல்லை. சிறுநீரகம் பிரித்தெடுக்கும் கழிவும் குடல் தள்ளும் கழிவும் ஒரே பொதுத் துவாரத்தின் வழியாக ஒன்றாக வந்து விழுகின்றன. எச்சத்தில் கறுப்பாகவோ பச்சையாகவோ இருப்பது மலம். சுண்ணாம்பைப் போன்ற வெண்பசைதான் சிறுநீரகக் கழிவு. மனித உடல் தனக்கு வேண்டாத நைட்ரஜனை யூரியாவாக்கி, ஏராளமான தண்ணீரில் கரைத்து அனுப்புகிறது. பறக்க வேண்டிய உடலுக்கு அவ்வளவு தண்ணீரைச் சுமப்பது கட்டுப்படியாகாது. அதனால் பறவை அதே நைட்ரஜனைத் தண்ணீரில் எளிதில் கரையாத யூரேட் பொருளாக்கிப் பசையாகவே வெளியேற்றுகிறது. வெண்பகுதி முழுக்க யூரிக் அமிலம் என்றுதான் பாடப்புத்தகங்கள் சொல்லிவந்தன. டெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பல இனப் பறவைகளின் எச்சத்தைச் சோதித்து 2020இல் வெளியிட்ட ஆய்வு, அதில் அம்மோனியம் யூரேட்டும் ஸ்ட்ரூவைட்டும் இருப்பதாகவும், தூய யூரிக் அமிலத்தைக் காணவில்லை என்றும் சொன்னது. எப்படியானாலும் ஒரு வாளித் தண்ணீரை வீசி ஊற்றினால் அது போகாததற்குக் காரணம் இந்தக் கரையாத குணம்தான்.

அந்த நைட்ரஜனுக்கு மதிப்புத் தெரிந்தவர்கள் இதே செங்கல்பட்டு மாவட்டத்தில் இருக்கிறார்கள். வேடந்தாங்கல் ஏரியின் மரங்களில் அடையும் நீர்ப்பறவைகளின் எச்சம் கலந்த தண்ணீர், வயலுக்கு உரமும் பாசனமும் சேர்ந்து கிடைத்த மாதிரி. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் அங்கே பறவைகளைச் சுட்டபோது ஊர்க்காரர்கள் முறையிட்டு, 1790களில் கலெக்டர் லயனல் பிளேஸிடமிருந்து பாதுகாப்பு உத்தரவு வாங்கினார்கள். 2022இல் வேடந்தாங்கல் ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. நெல்லுக்கு அமுதம், காருக்கு மட்டும் நஞ்சு.

காரின் நிறத்தின் மேல் ‘கிளியர் கோட்’ என்ற நிறமற்ற பூச்சு ஒன்று இருக்கிறது. பளபளப்பைத் தருவது அதுதான். அதன் தடிமன் ஏறத்தாழ 40 முதல் 50 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு. எச்சம் தாக்குவது இந்தப் படலத்தை. எச்சத்தில் அமிலம் இருக்கிறது, அது அரிக்கிறது என்பதுதான் பொதுவான விளக்கம். தெஹ்ரானின் அமீர்கபீர் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இன்னொரு குற்றவாளியையும் காட்டினார்கள். கார்களுக்குப் பூசும் அக்ரிலிக் மெலமின் பூச்சின்மேல் அசல் எச்சத்தையும், அதற்கு மாற்றாகப் பன்றியின் கணையத்திலிருந்து எடுக்கும் ‘பாங்கிரியாட்டின்’ என்ற நொதிக் கலவையையும் தனித்தனியே வைத்துச் சோதித்தார்கள். இரண்டும் பூச்சை ஒரே விதமாகச் சேதப்படுத்தின. பறவை தின்ற மாவையும் கொழுப்பையும் புரதத்தையும் உடைக்கச் சுரந்த செரிமான நொதிகள் எச்சத்தோடு வெளியே வந்த பிறகும் வேலையை நிறுத்துவதில்லை. ஈரமும் சூடும் கிடைத்தால் பூச்சின் வேதிப் பிணைப்புகளையும் பிரிக்கத் தொடங்கிவிடுகின்றன. காரை அவை செரிக்கப் பார்க்கின்றன என்றே சொல்லலாம்.

பிரிட்டனில் கார் பாலிஷ் தயாரிக்கும் ஆட்டோகிளிம் நிறுவனம் வேறொரு கோணத்தைச் சொன்னது. வெயிலில் கிளியர் கோட் இளகி விரிகிறது. அதே நேரத்தில் அதன்மேல் எச்சம் காய்ந்து இறுகுகிறது. இரவில் குளிர்ந்து சுருங்கும் பூச்சு, எச்சத்தின் சொரசொரப்பான அடிப்பக்கத்தை அச்செடுத்தபடி கெட்டிப்படுகிறது. எச்சத்தைத் துடைத்த பிறகும் மங்கலான தழும்பு தெரிவது அதனால்தான். தானியமும் விதையும் தின்னும் பறவைகளின் எச்சம் கரகரப்பானது என்பதால் அதன் தழும்பும் கூடுதலாகத் தெரியும்.

இரண்டு விளக்கங்களிலும் பொதுவாக நிற்பது சூடு. கத்திரி வெயிலில் கறுப்புக் காரின் தகடு 70 டிகிரி செல்சியஸைத் தொடக்கூடியது. குளிர்காலத்தில் இரண்டு நாள் தாங்கும் பூச்சு, சித்திரையில் ஒரு மதியத்திலேயே தழும்பு வாங்கிவிடலாம். ஆக, எச்சம் விழாமல் தடுப்பது பாதி வேலைதான். விழுந்ததை வெயில் ஏறுமுன் எடுப்பது மறுபாதி.

“நேத்துதான் கழுவினேன், இன்னைக்கே காக்கா அசிங்கம் பண்ணிடுச்சு” என்று புலம்பாத கார்க்காரர் இல்லை. பளபளப்பான வண்டியைப் பறவை குறிவைக்கிறது, குறிப்பிட்ட நிறத்தைத் தேடுகிறது என்றெல்லாம் நம்பிக்கைகள் உண்டு. 2012இல் பிரிட்டனின் ஹால்ஃபோர்ட்ஸ் என்ற கார் உதிரிபாகக் கடை நிறுவனம் ஒரு கணக்கெடுப்பு நடத்தி, சிவப்புக் கார்களில் 18 சதவீதம் எச்சம் வாங்கியிருந்ததாகவும், பச்சைக் கார்களில் அது 1 சதவீதம்தான் என்றும் அறிவித்தது. பத்திரிகைகள் பாய்ந்து எழுதின. ஆனால் அந்தக் கார்கள் மரத்தடியில் நின்றனவா, வெட்டவெளியில் நின்றனவா என்பதைப் பிரித்துப் பார்க்காமல் நிறத்தின் மேல் பழி போட முடியாது. கழுவும் சோப்பு விற்கும் கடை எடுத்த கணக்கு என்பதையும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. அழுக்கு வண்டியில் விழுந்த எச்சம் கண்ணில் படுவதில்லை. கழுவிய வண்டியில் விழுந்தது உறுத்துகிறது. அவ்வளவுதான்.

பறவை காரைப் பார்த்துப் போவதில்லை. தான் உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து போகிறது. கீழே கார் இருந்தால் காரில், மாடு இருந்தால் மாட்டின்மேல். எனவே கேட்க வேண்டிய கேள்வி, ‘இந்த இடத்துக்கு நேர் மேலே யார், எப்போது, எதற்காக உட்காருகிறார்கள்?’ என்பது.

உட்காருவதற்கு முக்கியமான காரணங்கள் இரண்டு: தூக்கம், தீனி. காகமும் மைனாவும் தனித்தனியே உறங்குவதில்லை; சாயங்காலம் ஐந்தரை மணிக்கு மேல் கூட்டமாக ஒரு சில மரங்களில் அடைகின்றன. இரவெல்லாம் அதே கிளை, அதே நேர்கோடு. விடியலில் பறக்குமுன் உடல் பாரத்தைக் குறைத்துக்கொண்டும் கிளம்புகின்றன. முட்டுக்காடு கழிமுகத்திலும் சுற்றியுள்ள ஏரிகளிலும் மேய்ந்துவிட்டு வரும் கொக்குகளும் வக்காக்களும் அடையும் மரமென்றால் இன்னும் மோசம். மீன் தின்னிகளின் எச்சம் நீர்த்து, நாற்றமடித்து, இலையிலிருந்து தரைவரை வெள்ளையடித்துவிடும். பகலில் நிறுத்துவதற்கு நல்லதாக இருந்த மரத்தடி, இரவுப் பணிக்கு வருகிறவருக்கு ஆகாது. இரவுப்பணிக்காரர்கள் மிகுந்த சிறுசேரிக்கு இது சும்மா சொல்லும் தகவல் அல்ல.

தீனிக்கு வருவது பருவத்தைப் பொறுத்தது. ஆடி மாதத்தையொட்டி வேப்பம்பழம் பழுக்கும்போது குயிலும் காகமும் மைனாவும் அந்த மரத்தைவிட்டு அகலுவதில்லை. இரவில் பழந்தின்னி வௌவால்களும் சேர்ந்துகொள்ளும். ஆல், அரசு பழுத்தாலும் அப்படியே. அடுக்குமாடிக் குடியிருப்புகளின் மதிலோரம் வளரும் சர்க்கரைப்பழ மரம் ஏறத்தாழ ஆண்டு முழுக்கப் பழுப்பது. அதன் கீழே வண்டி நிறுத்துகிறவருக்கு ஓய்வே கிடையாது. சிறு பழந்தின்னிப் பறவைகளின் வயிற்றில் பழம் அரை மணிகூடத் தங்காமல் வெளியே வந்துவிடும். அவற்றோடு ஒப்பிட்டால் புங்கை பரவாயில்லை. பூ கொட்டும், சருகு கொட்டும். ஆனால் அதன் காய்க்காகப் பறவைக் கூட்டம் திரளுவதில்லை.

இதையெல்லாம் அறியப் பறவையியல் படிக்க வேண்டாம். நிறுத்துமுன் தரையைப் பார்த்தால் போதும். வெள்ளைப் புள்ளிகள் எங்கே அடர்ந்திருக்கின்றனவோ அதற்கு நேர் மேலே அடையும் கிளை. மின்கம்பி, தெருவிளக்கின் கை, கேபிள் கட்டு இவற்றின் கீழேயும் இந்தப் புள்ளிகள் வரிசைகட்டி இருக்கும். பல நேரங்களில் வண்டியை இரண்டு மீட்டர் தள்ளி நிறுத்தினாலே நிழலும் கிடைக்கும், எச்சமும் தப்பும்.

விரட்டும் சாதனங்களுக்குச் சந்தையில் குறைவில்லை. கேளா ஒலிக் கருவி என்று இணையக் கடைகளில் விற்பது பறவையிடம் சுத்தமாக எடுபடாது. பெரும்பாலான பறவைகளின் செவி மனிதச் செவியைவிடக் குறுகிய எல்லை கொண்டது. மனிதனுக்குக் கேட்காத உச்ச ஒலி அவற்றுக்கும் கேட்காது. பிளாஸ்டிக் ஆந்தையும் தொங்கவிட்ட சி.டி. தட்டுகளும் சில நாள் வேலை செய்யும். பிறகு காகம் அந்த ஆந்தையின் தலையிலேயே உட்காரும். சியாட்டிலில் ஜான் மார்ஸ்லஃப் என்ற ஆய்வாளர் 2006இல் முகமூடி அணிந்து காகங்களைப் பிடித்து, பிறகு விடுவித்தார். அந்த முகமூடியைப் பிறகு யார் அணிந்து வந்தாலும் காகங்கள் கூடிக் கத்தின. ஆபத்தான முகத்தை ஆண்டுக்கணக்கில் நினைவில் வைக்கும் பறவைக்கு, ஆபத்தில்லாத பொம்மையை அடையாளம் காண்பது பெரிய காரியமா?

2017இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்தில் விலையுயர்ந்த கார்களைக் காப்பதற்காக மரக்கிளைகளிலேயே முள்பட்டைகளைப் பொருத்தினார்கள். படங்கள் பரவி, உலகமே திட்டியது. முள்பட்டையை நம்பியவர்களுக்கு 2023இல் நெதர்லாந்திலிருந்து இன்னொரு செய்தி வந்தது. பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் நகரில் ஒரு மாக்பை பறவை ஏறத்தாழ 1,500 முட்களைப் பிடுங்கிக் கூடு கட்டியிருந்ததை, லைடன் நகர நேச்சுரலிஸ் அருங்காட்சியக ஆய்வாளர் ஔகே-ஃப்ளோரியன் ஹீம்ஸ்ட்ரா குழுவினர் ஆவணப்படுத்தினார்கள். பறவைகளை விரட்ட வைத்த முள், குஞ்சுக்கு வேலியானது.

பறவையைக் கொல்வது, கூட்டைக் கலைப்பது போன்ற யோசனைகளுக்குச் சட்டத்தில் இடமில்லை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் காகத்தைத் தொல்லை விலங்காகப் பட்டியலிட்டிருந்த ஐந்தாம் அட்டவணை, 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தோடு எடுக்கப்பட்டுவிட்டது.

கூரையுள்ள இடம் பாதுகாப்பானது என்ற எண்ணத்தை மாடப்புறா உடைக்கிறது. பாறை விளிம்பில் கூடு வைத்துப் பழகிய இனத்துக்குக் குடியிருப்புகளின் ஸ்டில்ட் பார்க்கிங்கில் ஓடும் குழாய்களும் உத்தர விளிம்புகளும் மலைக்குகைதான். இங்கே மட்டும் தடுப்பு உண்மையிலேயே பலன் தரும். புறா வலையைக் குழாய்களின் கீழே இழுத்துக் கட்டலாம். விளிம்பின்மேல் சரிவாகப் பலகை அடித்தாலும் புறாவால் நிற்க முடியாது. காய்ந்த புறா எச்சத்தைத் துடைப்பத்தால் கூட்டக் கூடாது. தூளைச் சுவாசிப்பது நுரையீரலுக்குக் கேடு. நனைத்த பிறகே அள்ள வேண்டும். வலை கட்டிய அதே குடியிருப்பில் யாராவது புறாவுக்குக் கம்பு இறைத்துக்கொண்டிருந்தால் வலைக்காரருக்கு மட்டுமே லாபம். அமாவாசைக்குக் காகத்துக்குச் சோறு வைப்பவரும், பார்க்கிங்கையொட்டிய மதிலைவிட்டு மொட்டைமாடிக்குப் போனால் பித்ருக்களும் கோபிக்கமாட்டார்கள், அயல்வீட்டாரும் கோபிக்கமாட்டார்கள்.

கதவின் பக்கவாட்டில் மட்டும் எச்சம் வழிந்திருந்தால் காரணம் வேறு. இனப்பெருக்கக் காலத்தில் தேன்சிட்டும் குண்டுகரிச்சானும் பக்கக் கண்ணாடியில் தெரியும் தம் பிம்பத்தைப் போட்டிக்கு வந்த இன்னொரு பறவையாக எண்ணி மணிக்கணக்கில் கொத்தும். கண்ணாடியை மடக்கிவைத்து ஒரு பழைய துணிப்பையை மாட்டிவிட்டால் சண்டை முடிந்துவிடும்.

வண்டிக்கு உறை போடுவது நல்ல தடுப்பே. ஆனால் தூசி படிந்த வண்டியின்மேல் போட்டால் கடற்காற்றில் உறை ஆடும்போது மணல் தேய்த்துக் கீறும். மழையில் நனைந்த உறையை அப்படியே விட்டாலும் கெடுதி. மெழுகுப் பூச்சும் செராமிக் பூச்சும் எச்சம் ஒட்டுவதைக் குறைத்து, துடைக்க அவகாசம் வாங்கித் தரும். விற்பவர்கள் சொல்வதுபோலக் கவசமாகிவிடாது. ஓரளவு கவசம் என்று சொல்லத்தக்கது, 150 முதல் 200 மைக்ரான் தடிமனுள்ள பாலியூரித்தேன் படலம். அதன் விலை சின்னக் காருக்குக் கட்டுப்படியாகாது.

கடைசியில் வேலை துணியிடமும் தண்ணீரிடமும்தான் வந்து நிற்கிறது. காய்ந்த எச்சத்தை உலர்ந்த துணியால் தேய்ப்பது மிகப் பெரிய தவறு. அதிலுள்ள மணலும் விதைத் துணுக்கும் உப்புத்தாளின் வேலையைச் செய்யும். நனைத்த துணியையோ டிஷ்யூ தாளையோ எச்சத்தின்மேல் ஐந்து பத்து நிமிடம் போட்டுவைத்து, ஊறிய பிறகு அழுத்தாமல் வழித்தெடுக்க வேண்டும். பிறகு கார் ஷாம்பூ. கடலோரப் பகுதியென்பதால் பல இடங்களில் ஆழ்துளைக் கிணற்று நீர் உப்புக் கரிக்கிறது. அது வெயிலில் காய்ந்தால் தானே வெள்ளைத் திட்டு விடும். ஆகவே கடைசியாக நல்ல தண்ணீரில் அலசி உடனே ஒற்றியெடுக்க வேண்டும். வண்டிக்குள் ஒரு சின்னத் தெளிப்புப் புட்டியும் இரண்டு மைக்ரோஃபைபர் துணியும் இருந்தால் அலுவலக வாசலிலேயே காரியம் முடியும். தழும்பு விழுந்த பிறகு பாலிஷ் போட்டு எடுக்கலாம், ஆனால் ஒவ்வொரு பாலிஷும் அந்த 40 மைக்ரானிலிருந்து கொஞ்சம் சீவித்தான் பளபளப்பைத் திருப்பித் தருகிறது. முன்மூடிக்கும் கண்ணாடிக்கும் இடையில் சருகு தேங்கும் பள்ளத்தையும் அப்படியே ஒருமுறை கிளறிப் பார்ப்பது நல்லது; எச்சத்தோடு வந்த அரசம் விதைக்கு முளைக்க அந்த மண்ணே போதும்.