ஹோஸ் பைப்பில் தேங்கிய தண்ணீர் நுரைப்பது ஏன்? குடத்தில் பிடிக்கும் முன் இதைப் படிங்க!

ஊருக்குப் போய்விட்டு நாலு நாள் கழித்து வருகிறீர்கள். மொட்டை மாடியில் செடிகள் வாடிக் கிடக்கின்றன. ஹோஸ் பைப்பை எடுத்துக் குழாயைத் திறந்தால் முதலில் புஸ்ஸென்று காற்று, அப்புறம் கை சுடும் அளவுக்குச் சூடான தண்ணீர். வாளியில் விழுந்ததும் மேலே நுரை! யாரும் சோப்புத்தூள் போடவில்லையே, எப்படி?

நுரை எப்படி நிற்கிறது?

சுத்தமான தண்ணீரிலும் குமிழி வரும். ஆனால் உடனே உடைந்துவிடும். அது உடையாமல் நிற்க, குமிழியைச் சுற்றியுள்ள மெல்லிய நீர்ப்படலத்தைத் தாங்கிப் பிடிக்க வேறொரு பொருள் வேண்டும். சோப்பு செய்வது அந்த வேலையைத்தான். ஹோஸுக்குள் அந்த வேலையைச் செய்ய இரண்டு பேர் இருக்கிறார்கள்.

ஒன்று: ஹோஸ்

பெரும்பாலான தோட்ட ஹோஸ்கள் பிவிசி பிளாஸ்டிக்கால் ஆனவை. பிவிசி இயல்பில் விறைப்பானது. அதை வளைய வைக்க எண்ணெய் போன்ற 'பிளாஸ்டிசைசர்' சேர்க்கிறார்கள். இது பிளாஸ்டிக்கோடு இறுக்கமாகப் பிணைந்திருக்காது. வெயிலில் சூடேறும்போது கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் கசியும். புது ஹோஸ் என்றால், தயாரிப்பின்போது சேர்த்த வழவழப்புப் பொருட்களின் மிச்சமும் உள்ளே ஒட்டியிருக்கலாம்.

இரண்டு: பாக்டீரியா

குழாய்த் தண்ணீரில் கிருமிகளை அடக்கக் குளோரின் இருக்கும். இந்தியத் தர நிர்ணயப்படி (ஐ.எஸ். 10500) லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம். தேங்கிய தண்ணீரில் இது குறைந்துகொண்டே போகும். அப்புறம் என்ன? கசிந்த பொருட்களையே உணவாக்கி, ஹோஸின் உள்சுவரில் பாக்டீரியா வழவழவென்று ஒரு படலம் கட்டும். அது வெளிவிடும் புரதமும் சர்க்கரைப் பொருட்களும் நுரையைத் தாங்கிப் பிடிக்கும்.

வெறும் காற்றா, கலப்படமா?

ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்துப் பாருங்கள். ஓரிரு நிமிடத்தில் அடியிலிருந்து மேலாகத் தெளிந்தால் அது வெறும் காற்று, பயம் வேண்டாம். நுரை மேலே அப்படியே நின்றாலோ, பிளாஸ்டிக் வாடையோ பாசி நாற்றமோ அடித்தாலோ, தண்ணீரில் ஏதோ கலந்திருக்கிறது.

ஆபத்து உண்டா?

நுரையைவிட, அது காட்டிக்கொடுக்கும் விஷயம்தான் கவலை. 20 முதல் 45 டிகிரி செல்சியஸ் வரையிலான தேங்கிய நீரில் 'லெஜியோனெல்லா' என்ற பாக்டீரியா வளரக்கூடும். 1976இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் நடந்த ஒரு மாநாட்டில் பலருக்கு நிமோனியா வந்தபோதுதான் இது கண்டுபிடிக்கப்பட்டது. பெரும்பாலும் குடிப்பதால் அல்ல, நீர்த்திவலையைச் சுவாசிப்பதால்தான் தொற்றும். வயதானவர்கள், புகைப்பவர்கள், நுரையீரல் பாதிப்பு உள்ளவர்கள் கவனமாக இருக்க வேண்டும்.

என்ன செய்யலாம்?

* ஸ்பிரே முனையைக் கழற்றிவிட்டு, உள்ளே தேங்கிய தண்ணீர் முழுக்க வெளியேறிக் குளிர்ந்த நீர் வரும்வரை தரையில் ஓடவிடுங்கள்.
* வேலை முடிந்ததும் ஹோஸை வடித்து, நிழலில் தொங்கவிடுங்கள்.
* விளையாடும் பிள்ளைகள் ஹோஸில் வாய் வைத்துக் குடிக்க விடாதீர்கள்.
* லாரித் தண்ணீரைக் குடத்திலோ டிரம்மிலோ பிடிக்கத் தோட்ட ஹோஸ் வேண்டாம். குடிநீருக்கென்றே 'ஃபுட் கிரேடு' ஹோஸ் கடையில் கேட்டு வாங்குங்கள். அதையும் வடித்துத்தான் வைக்க வேண்டும்.

கொதிக்க வைத்தால் சரியாகிவிடுமா? கிருமி சாகும். பிளாஸ்டிக்கிலிருந்து கசிந்தது போகாது. அதனால் நுரைத்த தண்ணீரைச் சமையலறைக்குக் கொண்டுபோகாமல் கீழே கொட்டிவிடுவதே நல்லது.