மலச்சிக்கல்: கூச்சப்பட்டு மறைக்க வேண்டாம்



போன மாதம் ஒரு குழுவில் சேமிப்பு, கடன் தவணை எல்லாம் எழுதி முடித்துக் கிளம்பும்போது ஒரு அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "சொல்லவே கூச்சமா இருக்கு கண்ணு. வெளிக்குப் போயி நாலு நாள் ஆச்சு" என்றார். தண்ணி எவ்வளவு குடிக்கிறீங்க என்று கேட்டேன். "வேலை செய்யுற காட்டுல ஒதுங்க இடமே இல்லை. அதனால தண்ணியே குடிக்கிறதில்ல" என்றார். பக்கத்தில் நின்ற இரண்டு பேரும், "எங்களுக்கும் அதே கதைதான்" என்றார்கள். அதனால்தான் இந்த மாதம் இதை எழுதுகிறேன்.

மலச்சிக்கல் என்றால் என்ன?

தினமும் போகாவிட்டால் நோய் என்று பயப்பட வேண்டாம். வாரத்துக்கு 3 முறைக்கும் குறைவாகப் போனாலோ, மலம் இறுகி முக்க வேண்டியிருந்தாலோ, போன பிறகும் பாக்கி இருப்பது போலத் தோன்றினாலோ அது மலச்சிக்கல்.

ஏன் வருகிறது?

1. அடக்கி வைப்பது: பெருங்குடல் மலத்தில் உள்ள தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். இருட்டட்டும் என்று அடக்க அடக்க மலம் இறுகும். நாளடைவில் போக வேண்டும் என்ற உணர்வே மங்கிவிடும்.

2. தண்ணீரும் நார்ச்சத்தும் குறைவது: எல்லோருக்கும் காய் பரிமாறிவிட்டு, நாம் மீந்த சோற்றில் ரசம் ஊற்றிச் சாப்பிட்டு எழுந்துவிடுகிறோம். நார்ச்சத்து எங்கிருந்து வரும்?

3. இரும்புச்சத்து மாத்திரை: சிலருக்கு மலம் இறுகும், கறுப்பாகவும் போகும். அதற்காகக் கர்ப்பிணிகள் மாத்திரையைத் தூக்கி எறியக் கூடாது. ரத்தசோகை பிரசவத்தில் உயிருக்கே ஆபத்து. கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லுங்கள், வழி சொல்வார்.

விட்டுவிட்டால் என்ன ஆகும்?

தினமும் முக்கினால் மூலம், ஆசனவாய் வெடிப்பு வரும். ஏற்கெனவே அடி இறக்கம் இருந்தால் இன்னும் கூடும்.

என்ன செய்யலாம்?

* ஒரு நாளைக்கு 8 முதல் 10 டம்ளர் தண்ணீர். வெயிலில் வேலை என்றால் இன்னும் அதிகம். (இதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்கள் டாக்டர் சொன்ன அளவு.)
* கேழ்வரகு, கம்பு, கீரை, வாழைத்தண்டு, அவரை, தட்டைப்பயறு, கொய்யா. இதில் இரண்டாவது தினமும் நம் தட்டில் இருக்கட்டும். கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள், திடீரென்று கூட்டினால் வயிறு உப்பும்.
* காலையில் ஏதாவது சாப்பிட்டதும் குடல் அசையும். அந்த நேரத்தில் அவசரப்படாமல் 10 நிமிடம் ஒதுக்குங்கள்.
* அடிக்கடி பேதி மருந்து வேண்டாம். கர்ப்பிணிகள் விளக்கெண்ணெய் குடிக்கவே கூடாது.

உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியது எப்போது?

மலத்தில் ரத்தம், காரணம் இல்லாமல் எடை குறைவது, 50 வயதுக்கு மேல் திடீர் மாற்றம் இருந்தால் தள்ளிப்போடாதீர்கள். வயிறு உப்பி, வாந்தி வந்து, காற்றும் பிரியவில்லை என்றால் அந்த நிமிடமே கிளம்புங்கள். எல்லா ரத்தமும் மூலம் அல்ல. புற்றுநோயாகவும் இருக்கலாம்.

கடைசியாக ஒன்று. 2014-இல் தொடங்கிய தூய்மை பாரத இயக்கத்தில் 12,000 ரூபாய் ஊக்கத்தொகையில் பல வீடுகளில் கழிப்பறை கட்டினோம். அதில் எத்தனை கழிப்பறைகளில் இன்று விறகு அடுக்கியிருக்கிறது? அடுத்த கூட்டத்தில் இதைப் பேசுங்கள். வேலை செய்யும் இடத்தில் ஒதுங்க மறைவிடம் வேண்டும் என்று தீர்மானம் போட்டு கிராம சபையில் கொடுங்கள். தனி ஆளாகக் கேட்கக் கூச்சம்தான். குழுவாகக் கேட்டால் என்ன கூச்சம்?